மேடையும் மொழியும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறங்களில் அறிவியல் – இலக்கியப் பொதுவுரைகள்

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டருகே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்கு இடைவெளி விட்டு நிற்கிறது. அவ்விடைவெளி வழியே காற்றும் மழையும் வணிகரும் படைகளும் வந்துபோனமை குறித்துக் கொங்குநாட்டு வரலாற்றாசிரியர் பலர் எழுதியுள்ளனர். ஆனால் அதே வழியில் சொற்பொழிவு என்னும் வடிவம் எவ்வாறு வந்துபோயிற்று, மலையாள மேடையும் தமிழ் மேடையும் எல்லையில் எவ்வாறு சந்தித்தன அல்லது சந்திக்கத் தவறின என்பது நம் ஆய்வுகளில் போதிய இடம் பெறவில்லை. எழுத்தாளரும் பேராசிரியரும் அறிவியலாரும் பொதுமக்கள் முன் தோன்றி இலக்கியம், அறிவியல், சமுதாயம் ஆகிய மூன்றையும் ஒன்றுபடுத்திப் பேசிய ஒரு மரபு கேரளத்தில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து வளர்ந்தது. அம்மரபின் முதன்மையான நிகழ்வுகளுள் மூன்று இன்றைய பாலக்காடு மாவட்டத்தைக் களமாகக் கொண்டவை என்பது தற்செயல் அன்று. 1957இல் ஒற்றப்பாலத்தில் தோன்றிய சாஸ்திர சாகித்திய சமிதி, 1978 முதல் 1984 வரை நிகழ்ந்த அமைதிப் பள்ளத்தாக்கு விவாதம், 2002 முதல் 2004 வரை உச்சத்திலிருந்த பிளாச்சிமடைப் போராட்டம் என்பனவே அவை. இவற்றை இக்கட்டுரை ஒரே ஒரு வினாவின் துணைகொண்டு அணுகுகிறது. அம்மேடைகளில் எம்மொழி ஒலித்தது. அதனைக் கேட்டவர் யாவர். கேட்டவர் எப்பொழுது பேசுவோராயினர்?

இவ்வினா எழுவதற்குக் காரணம் இந்நிலப்பகுதியின் மொழி நிலைமையாகும். 1956க்கு முன் பாலக்காட்டு நகரம் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சிற்றூர் கொச்சி நாட்டின் பகுதி. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரைச் சார்ந்தவை. மூன்று ஆட்சிகளின் கீழிருந்த இம்மூன்று பகுதிகளும் 1956 நவம்பர் 1 அன்று ஒரே மாநிலத்துள் வந்தன. பாலக்காடு மாவட்டம் 1957 சனவரி 1 அன்றும் இடுக்கி மாவட்டம் 1972 சனவரி 26 அன்றும் உருவாயின. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் முதலிய சிற்றூர் வட்டத்து ஊர்களிலும், மூணாறு, மறையூர், வட்டவடை, குமுளி முதலிய மலையூர்களிலும் தமிழே வீட்டுமொழியாக நிற்கிறது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இத்தமிழர் அரசோடு தம் மொழியில் மடல் எழுதும் உரிமையை ஏற்றுக்கொண்டது. மடலுக்கு உரிமை உண்டு. மேடைக்கு அத்தகைய சட்டம் ஏதும் இயற்ற இயலாது. மேடை தன் கேட்போரைத் தானே தேர்ந்துகொள்கிறது.

பிரசங்கம், சொற்பொழிவு, வகுப்பு

தமிழில் மேடைப்பேச்சின் வரலாற்றை ஆராய்ந்தோர் அதன் வேரைச் சமயப் பரப்புரையில் காண்கின்றனர். அமெரிக்க மானிடவியலாளர் பெர்னார்ட் பேட் தம் ஆய்வுகளில், புராட்டஸ்டண்டு மறையுரையே நவீனத் தமிழ்ப் பொதுவுரையின் முன்வடிவம் என வாதிட்டார். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் 1847 திசம்பர் 31 அன்று தம் முதற் பிரசங்கத்தை நிகழ்த்தியதை இவ்வரலாற்றின் திருப்புமுனையாகக் கொள்வது வழக்கம். கிறித்தவர் கையாண்ட கருவியைச் சைவர் எடுத்துக்கொண்டனர். பின்னர் சுதேசி இயக்கத்தார் எடுத்துக்கொண்டனர். அதன்பின் திராவிட இயக்கத்தார் அதனை முற்றிலும் தமதாக்கிக்கொண்டனர். பிரசங்கம் என்ற சொல் மறைந்து சொற்பொழிவு என்ற சொல் நிலைபெற்றது. பொழிதல் என்னும் உருவகத்திலேயே பேசுவோன் மேலும் கேட்போன் கீழுமாக நிற்கும் நிலை அடங்கியுள்ளது என்பதையும் இங்கு நினைவிற்கொள்ளலாம்.

மலையாளத்தில் பிரசங்கம் என்ற சொல் மேடைப்பேச்சுக்கு இன்றளவும் வழங்குகிறது. அறிவார்ந்த பேருரைக்குப் பிரபாஷணம் என்பர். இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒரு சொல் 1960களுக்குப் பின் பெருவழக்குப் பெற்றது, அது ‘கிளாஸ்’. ஓர் ஊர்ப் படிப்பகத்தில் மாலை வேளையில் ஐம்பது பேர் கூடுவர். கல்லூரி ஆசிரியர் ஒருவர் பேருந்தில் வந்திறங்கி மண்ணைப் பற்றியோ விண்மீனைப் பற்றியோ ஒரு மணிநேரம் பேசுவார். பின்னர் வினாக்கள் எழும். இதனைப் பிரசங்கம் என்றுரைக்காமல் கிளாஸ் என்றுரைத்ததில் ஒரு கொள்கை உண்டு. பேசுவோன் தலைவன் அல்லன், ஆசிரியன். கேட்போன் தொண்டன் அல்லன், மாணவன். அரசியல் மேடையினின்றும் சமய மேடையினின்றும் இது தன்னை வேறுபடுத்திக்கொண்டது. மாணவன் வினவலாம் என்பது இதன் வலிமை. மாணவன் என்றும் மாணவனாகவே இருக்க நேரிடலாம் என்பது இதன் குறை. இக்குறையே பின்னர் பிளாச்சிமடையில் வெளிப்பட்டது.

இத்தகைய மாலை வகுப்புகளுக்கு இடம் தந்தவை படிப்பகங்களாகும். மலபாரில் 1937இல் கே.கேளப்பன் தலைமையில் வாசகசாலைச் சங்கம் அமைந்தது. திருவிதாங்கூரில் பி.என்.பணிக்கர் 1945இல் அம்பலப்புழையில் நூலகச் சங்கத்தைத் தொடங்கினார். படிப்பகத்தின் ஒரே அறை பகலில் நாளிதழ் படிக்கவும் இரவில் உரை கேட்கவும் பயன்பட்டது. தமிழகத்தில் திராவிட இயக்கப் படிப்பகங்களும் இத்தகையனவே. ஆனால் அவை கட்சியின் கிளைகளாக இயங்கின; ஆசிரியர் சமூகத்தின் கையில் அவை மிகுதியும் இருந்ததில்லை. இவ்வேறுபாடு தனியே விரித்து ஆராயத்தக்கது.

ஒற்றப்பாலம், 1957

பாரதப்புழைக் கரையில் அமைந்த ஒற்றப்பாலம் பொதுக்கூட்டங்களுக்குப் புதியதன்று. 1921 ஏப்பிரலில் கேரளம் முழுமைக்குமான முதல் காங்கிரசு மாநாடு டி.பிரகாசம் தலைமையில் அங்குக் கூடிற்று. அருகிலுள்ள சோரனூரில் 1944இல் முற்போக்கு எழுத்தாளர் மாநாடு நடந்தது. மலபாரையும் கொச்சியையும் சென்னையையும் இணைத்த இருப்புப்பாதையே இவ்வூர்களை மாநாட்டூர்களாக ஆக்கிற்று. எழுத்தாளர் எவ்விடத்திலிருந்தும் ஒரே இரவில் வந்துசேரலாம்.

1957இல் இங்குச் சிலர் கூடிச் சாஸ்திர சாகித்திய சமிதி என்றோர் அமைப்பை உருவாக்கினர். அவருள் முதன்மையானவர் பி.டி.பாஸ்கரப் பணிக்கர். மலபார் மாவட்டக் கழகத்தின் தலைவராக இருந்தவர். பள்ளிகளின் நிலையை நேரில் அறிந்தவர். இச்சமிதி அடுத்த ஆண்டு ‘ஆதுனிக சாஸ்த்ரம்’ என்ற கட்டுரைத் தொகுப்பை வெளியிட்டதோடு ஏறத்தாழ ஓய்ந்துபோயிற்று. எனினும் அதன் கருத்து ஓயவில்லை. 1962 செப்டம்பர் 10 அன்று கோழிக்கோட்டில் கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் தொடங்கப்பெற்றபோது ஒற்றப்பாலத்துச் சமிதியைச் சேர்ந்தோரும் அதில் பங்குகொண்டனர்.

பெயரைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். இது அறிவியல் கழகம் அன்று. அறிவியல் இலக்கியக் கழகம். தொடக்கத்தில் அறிவியல் எழுத்தாளர்களின் அமைப்பாகவே இது இயங்கியது. அறிவியலைத் தாய்மொழியில் எழுதுவது எவ்வாறு என்பதே அவர்தம் முதற் கவலை. இக்கவலை தமிழில் இன்னும் முன்னதாகவே தோன்றியது. 1916இல் சேலத்தில் இராசாசியும் அவர் நண்பரும் தமிழ் அறிவியற் கலைச்சொற்களுக்கெனச் சங்கம் அமைத்தனர். பெ.நா.அப்புசாமி அறுபது ஆண்டுகளுக்கு மேல் தமிழில் அறிவியல் எழுதினார். பாலக்காட்டிற்கு ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோயம்புத்தூரிலிருந்து ஜி.ஆர்.தாமோதரன் ‘கலைக்கதிர்’ இதழை நடத்தினார். ஆயினும் தமிழ் முயற்சி அகராதியையும் இதழையும் நோக்கிச் சென்றது. மலையாள முயற்சி இதழோடு நில்லாமல் மேடையை நோக்கிச் சென்றது. ‘சாஸ்திரகதி’ 1966இலும் ‘சாஸ்திரகேரளம்’ 1969இலும் ‘யுரீக்கா’ 1970இலும் தொடங்கப்பெற்றன. இவற்றை எழுதியவர்களே ஊர்தோறும் சென்று வகுப்பெடுத்தனர். எழுத்து விளங்கவில்லையெனில் கேட்போர் முகமே அதனைக் காட்டிவிடும். கலைச்சொல் அகராதியறையில் பிறவாமல் வினாவிடை நேரத்தில் தேய்ந்து உருவாயிற்று எனக் கருதலாம்.

1970களில் சமூகப் புரட்சிக்கு அறிவியல் என்ற முழக்கத்தைப் பரிஷத் ஏற்றது. இயற்கை, அறிவியல், சமூகம் என்ற மூன்று பொருள்களை இணைத்து மாநிலம் முழுவதும் வகுப்புகள் நடைபெற்றன. பாபா அணு ஆய்வு மையத்தில் பணிபுரிந்த பொறியாளர் எம்.பி.பரமேசுவரன் போன்றோர் அப்பணியைத் துறந்து ஊர் திரும்பி இதில் ஈடுபட்டனர். 1977 அக்டோபர் 2 அன்று கண்ணூர் மாவட்டத்துக் கூவேரியில் புறப்பட்ட சாஸ்திர கலாசாரப் பயணம் 37 நாள் நடந்து நவம்பர் 7 அன்று தெற்கே பூவச்சலில் முடிந்தது. 1980 முதல் பாட்டும் நாடகமும் கலந்த கலைப்பயணம் ஆண்டுதோறும் புறப்பட்டது. இதே 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் கலைப்பயணம் என்னும் வடிவத்தைக் கையாண்டதும், 1987இல் நாடு தழுவிய மக்கள் அறிவியல் பயணத்தில் இணைந்ததும், பின்னர் அறிவொளி இயக்கத்திற்கு அதுவே அடித்தளமானதும் நாம் அறிந்தவை. கணவாயின் வழியே கிழக்கு நோக்கி வந்த காற்றுகளுள் இதுவும் ஒன்று.

சொற்பொருள் பற்றி ஒரு குறிப்பு இங்கு இன்றியமையாதது. மலையாளத்தில் அறிவியலுக்குப் பெயர் சாஸ்திரம். தமிழ் கேட்கும் செவிக்குச் சாஸ்திரம் என்பது நாளும் கோளும் சடங்கும் விதியும் ஆகும். சாஸ்திரத்தை மக்களிடம் கொண்டுசெல்வோம் என்று ஒருவர் மலையாளத்தில் முழங்குங்கால், எதனை எதிர்த்து அவர் பேசுகிறாரோ அதனையே அவர் கொண்டுவருவதாகக் கொழிஞ்சாம்பாறைத் தமிழர் விளங்கிக்கொள்ள இடமுண்டு. பரிஸ்திதி என்பது மலையாளத்தில் சுற்றுச்சூழல். பழைய தமிழ் உரைநடையில் அது நிலைமையைக் குறித்தது. இவை நகைச்சுவைக்குரிய சிறு பிழைகளாகத் தோன்றலாம். ஆனால் தாய்மொழியில் அறிவியல் என்ற கொள்கை எல்லையோரத்தில் யாருடைய தாய்மொழியில் என்ற வினாவை உடன் எழுப்புகிறது. ஒற்றப்பாலத்தார் அவ்வினாவை எழுப்பியதாகத் தெரியவில்லை. அவர் காலத்து மொழிவழி மாநில உணர்ச்சி அதற்கு இடந்தந்திராது.

குந்திப்புழையின் இரு கரைகள்

மண்ணார்க்காட்டிற்கு வடக்கே நீலகிரியின் மேற்குச் சரிவில் அமைந்தது அமைதிப் பள்ளத்தாக்கு. உள்ளூர் வழக்கில் அது சைரந்திரி வனம். விராடனவையில் மறைந்துறைந்த திரௌபதியின் பெயர் அது. அதனூடே ஓடும் ஆற்றின் பெயர் குந்திப்புழை. இவ்வாற்றின் குறுக்கே ஏறத்தாழ 130 மீட்டர் உயர அணை கட்டி, முதலில் 120 மெகாவாட்டும் பின்னர் 240 மெகாவாட்டும் மின்சாரம் பெறக் கேரள மின்வாரியம் திட்டமிட்டது. 1973இல் திட்டக்குழு ஒப்புதல் அளித்தது. 830 எக்டேர் காடு நீரில் மூழ்கும். சிங்கவால் குரங்கின் உறைவிடம் குலையும் என்பன எதிர்ப்போர் கூறிய காரணங்கள்.

இவ்விவாதத்தில் அணையை வேண்டியோர் வில்லன்கள் அல்லர் என்பதை முதலிற் கூறுதல் கடமை. மலபார் பிற்பட்ட பகுதி; அங்கு மின்பற்றாக்குறை மிகுதி. பாலக்காடு, மலப்புறம் மாவட்டங்களில் 10,000 எக்டேர் நிலத்திற்குப் பாசனம் கிடைக்கும் என அரசு கூறியது. ஒரு குரங்கிற்காக ஓர் ஊர் இருளில் இருப்பதா என்ற வினாவில் எளிய உண்மையொன்று இருந்தது. எனவேதான் எதிர்ப்போர் பேசவேண்டியதாயிற்று. வழக்குமன்றமும் தில்லி அலுவலகமும் போதா. ஊரைப் பேசி வெல்லவேண்டும்.

எறணாகுளம் மகாராசாக் கல்லூரியின் தாவரவியற் பேராசிரியர் எம்.கே.பிரசாத் 1979இல் சாஸ்திரகதியில் எழுதிய கட்டுரை விவாதத்தைப் பரவலாக்கியது. அதே ஆண்டு பரிஷத் ஒரு தொழில்நுட்ப – பொருளாதார மதிப்பீட்டை வெளியிட்டது. அதனை எழுதியோருள் தாவரவியலாரும் பொறியாளரும் பொருளியலாரும் இருந்தனர். மின்தேவையை வேறு வழிகளில் எவ்வாறு நிறைவேற்றலாம் என்று அது கணக்கிட்டுக் காட்டியமை முக்கியமானது. வேண்டா என்று சொல்லி நிறுத்தாமல், மாற்று என்ன என்றும் அது விடை கூறியது. பிறகு ஊர்கூட்டங்கள் தொடங்கின. பேராசிரியர் பலர் கல்லூரி முடிந்த மாலைகளிலும் விடுமுறை நாள்களிலும் படவில்லைகளைச் சுமந்துகொண்டு ஊரூராகச் சென்றனர்.

இதுகாறும் அறிவியலார் மேடை. 1980ஐ ஒட்டி எழுத்தாளரும் அதில் ஏறினர். கவிஞர் சுகதகுமாரி, என்.வி.கிருஷ்ண வாரியர், ஓ.என்.வி.குறுப்பு, அய்யப்பப் பணிக்கர், வைக்கம் முகம்மது பசீர் எனப் பல தலைமுறை எழுத்தாளர் காட்டிற்காகக் குரல் கொடுத்தனர். இயற்கைப் பாதுகாப்புக் குழு ஒன்றும் அமைந்தது. மரத்தைப் போற்றிச் சுகதகுமாரி எழுதிய கவிதை கூட்டங்களின் தொடக்கப் பாடலாக ஆயிற்று. கோயில் விழாவில் காப்புப் பாடலுக்குள்ள இடத்தை அது பெற்றது எனலாம். எதிரணியினர் இவர்களை மரக்கவிகள் என்று எள்ளினர். எள்ளல் நிலைத்து, பின்னர் விருதாக மாறியது.

இங்கு என்.வி.கிருஷ்ண வாரியரைத் தனித்துச் சுட்டவேண்டும். அவர் கவிஞர், இதழாசிரியர். 1968இல் தொடங்கிய கேரள பாஷா நிறுவனத்தின் முதல் இயக்குநர். அறிவியலைப் பல்கலைக்கழக மட்டத்தில் மலையாளத்தில் கற்பிக்கும் பாடநூல்களுக்குப் பொறுப்பேற்றவர். இலக்கியமும் அறிவியலும் அவரிடத்து இரண்டு துறைகளாக இல்லை. அறிவியலார் புள்ளிவிவரம் தரக் கவிஞர் உணர்ச்சி தந்தனர் என்று இவ்விவாதத்தை எளிமையாகப் பிரித்துக் கூறுவோர் உளர். அப்பிரிப்பு பொருந்தாது. கவிஞர் கூட்டங்களில் மழையளவு பற்றிப் பேசவும் தாவரவியலார் அழகு பற்றிப் பேசவும் அம்மேடை இடமளித்தது. ஒரே கூட்டத்தில் இருவரும் அமர்ந்ததனால் ஒருவர் சொல்லை மற்றவர் கடன் கொண்டனர்.

1983இல் எம்.ஜி.கே.மேனன் குழுவின் அறிக்கைக்குப் பின் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பர் 15 அன்று 89.52 சதுர கிலோமீட்டர் பரப்பு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. 1985 செப்டம்பரில் இராசீவ் காந்தி அதனைத் திறந்துவைத்தார்.

தமிழாய்வாளர் நோக்கில் இவ்வெற்றியின் ஓரத்தில் ஓர் இடைவெளி தென்படுகிறது. அப்பள்ளத்தாக்கின் கிழக்கு முகடு நீலகிரி, அருகே அட்டப்பாடி. அட்டப்பாடியின் தொல்குடியினரும் குடியேறிய உழவரும் தமிழோடு நெருங்கிய பேச்சுடையோர். கோயம்புத்தூரின் குடிநீரில் ஒரு பகுதி பாலக்காட்டு மாவட்டத்துச் சிறுவாணியிலிருந்தே வருகிறது. மழைக்காடு அழிந்தால் நீர் குறையும் என்ற வாதம் கோயம்புத்தூருக்கும் உரியது. ஆயினும் இவ்விவாதத்தின் உரைகள் பெரும்பாலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் அமைந்தன. சோலை என்னும் தமிழ்ச்சொல் ஆங்கிலச் சூழலியல் நூல்களில் மலைமுகட்டுக் காட்டின் கலைச்சொல்லாகவே வழங்குகிறது. சொல் மேடையேறியது; சொல்லுக்குரியோர் அவையில் அமரவில்லை.

தஸ்ராக்: ஓர் இடைக்குறிப்பு

பாலக்காட்டுச் சமவெளியின் தஸ்ராக் என்னும் சிற்றூரில் 1956இல் ஓர் ஓராசிரியர் பள்ளி இருந்தது. அதில் பணியேற்ற தமக்கையோடு வந்து தங்கிய இளைஞர் ஓ.வி.விஜயன். 1969இல் நூலாக வந்த ‘கசாக்கின் இதிகாசம்’ அவ்வூரின் புனைவு வடிவம். அதன் நாயகன் ரவி இயற்பியல் பயின்றவன். வானியற்பியலையும் உபநிடதத்தையும் ஒருங்கே சிந்தித்தவன். கடைசியில் ஓராசிரியர் பள்ளிக்கு வந்து சேர்கிறான். கேரளத்தின் வகுப்பு மரபிற்கு எதிர்நிலையில் நிற்கும் புதினம் இது. இதில் அறிவியல் ஊருக்குச் செல்கிறது. ஆனால் ஊர்தான் ஆசிரியனுக்குக் கற்பிக்கிறது. தமிழ் கலந்த எல்லைப் பேச்சு அந்நூலின் உயிர்களுள் ஒன்று. யூமா வாசுகியின் தமிழாக்கம் 2017க்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றது. விஜயன் நினைவகமாக இன்று தஸ்ராக்கில் எழுத்தாளர் உரைகள் நிகழ்கின்றன.

இடுக்கியின் மேடைகள்

இடுக்கி மலையில் நிலைமை வேறு. அங்குத் தமிழ் மேடை முதலில் அரசியல் மேடையாகவே எழுந்தது. 1954இல் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு தேவிகுளம், பீர்மேடு பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டிப் போராடியது. மாநிலச் சீரமைப்புக் குழு 1955இல் அவற்றைக் கேரளத்திற்கே அளித்தது. 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூசுக்காகப் பாவலர் வரதராசன் தமிழில் பாடிப் பரப்புரை செய்தார். தேயிலைத் தோட்டத் தொழிலாளரை உரையைவிடப் பாட்டே சென்றடைந்தது என்பதற்கு இது சான்று. அறிவியல் வகுப்பு மரபு அங்குப் பாட்டளவு வேரூன்றியதாகக் கூற இயலாது. பணிநேரமும் குடியிருப்பு வரிசைகளின் கட்டுப்பாடும் படிப்பகத்திற்கு ஏற்றவையாக இருந்ததில்லை.

எனினும் ஒரு மலர் இலக்கியத்தையும் அறிவியலையும் அங்கு இணைத்தது. பன்னீராண்டிற்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியைக் காக்க 1980களின் இறுதி முதல் ஆர்வலர்கள் கொடைக்கானலிலிருந்து மூணாறுவரை நடைப்பயணம் மேற்கொண்டனர். கபிலரின் திணை மலர் தாவரவியலின் இனப்பெயரோடு ஒரே துண்டறிக்கையில் இடம்பெறத்தக்க வாய்ப்பு அது. 2006இல் மலர்ந்தபோது வட்டவடை, கொட்டக்கம்பூர்ப் பகுதியில் 32 சதுர கிலோமீட்டர் குறிஞ்சிமலைக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அவ்வூர்கள் தமிழூர்கள்; காப்பகத்தின் எல்லை அவர்தம் நிலவுரிமையைத் தொட்டதால் பூசல் எழுந்து நீடித்தது. குறிஞ்சியைப் பாடிய மொழியைப் பேசுவோரே குறிஞ்சிக் காப்பகத்தை ஐயுற நேர்ந்ததைத் தமிழாய்வு கடந்துபோதல் ஆகாது.

இதனினும் பெரிய தவறு மாதவ் காட்கில் குழுவின் அறிக்கையில் நேர்ந்தது. 2011 ஆகத்தில் ஆங்கிலத்தில் அளிக்கப்பெற்ற அவ்வறிக்கையை நடுவண் அமைச்சகம் 2012 மே மாதம்வரை பொதுவில் வைக்கவில்லை. ஊராட்சி மன்றங்கள் விவாதித்து முடிவெடுக்கவேண்டும் என்று கூறிய அறிக்கை ஊராட்சிக்கு விளங்கும் மொழியில் உரியகாலத்தில் சென்றடையவில்லை. 2013இல் கத்தூரிரங்கன் குழுவின் அறிக்கையை ஒட்டி இடுக்கியில் கடையடைப்புகள் நிகழ்ந்தபோது, காட்டைப் பற்றி முப்பதாண்டுகளுக்கு முன் ஊரூராகப் பேசிய மரபு தளர்ந்திருந்ததை உணர முடிந்தது. அறிவியல் அறிக்கையாக வந்தது, வகுப்பாக வரவில்லை. வதந்தி அவ்விடத்தை நிரப்பியது.

2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டத் தொழிலாளப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கித் தாமே சாலையில் அமர்ந்து தாமே பேசினர். மிகையூதியம் 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைந்தமையே அதற்கு உடனடிக் காரணம். பெம்பிளை ஒருமை என்பது அவர் அமைப்பின் பெயர். மலையாளத்தில் அது ஒரும என முடிந்திருக்கும். ஐகார ஈற்றோடு அச்சொல் மலையாள நாளிதழ்களின் தலைப்பில் நின்றது. ஓர் எழுத்தின் வழியே எல்லைத் தமிழ் கேரளப் பொதுவெளியில் நுழைந்த நிகழ்வாக இதனை மொழியியலார் பதிவுசெய்ய வேண்டும்.

பிளாச்சிமடை

காலவரிசையை மீறிப் பிளாச்சிமடையை இறுதியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. முன்னர்க் கூறிய மூன்று இழைகளும் அங்கேதான் முடிச்சிடுகின்றன. சிற்றூர் வட்டத்துப் பெருமாட்டி ஊராட்சியில், தமிழக எல்லையை ஒட்டி, 2000ஆம் ஆண்டில் கொக்கோ கோலா நிறுவனத்தின் ஆலை இயங்கத் தொடங்கியது. சில மாதங்களில் சுற்றியிருந்த கிணறுகளின் நீர் சுவை மாறிற்று, சோறு வேக மறுத்தது, நீரும் வற்றியது. இரவாளர் முதலிய தொல்குடியினரும் தமிழ் பேசும் உழவுத் தொழிலாளரும் வாழும் குடியிருப்பு அது. 2002 ஏப்பிரல் 22 அன்று ஆலையின் எதிரே பந்தலிட்டு அவர்கள் அமர்ந்தனர். முன்னணியில் நின்றவர் மயிலம்மா என்னும் இரவாளப் பெண்.

இங்கு வரிசை தலைகீழாயிற்று. அமைதிப் பள்ளத்தாக்கில் பேராசிரியர் முதலிற் பேசினார், ஊர் கேட்டது. பிளாச்சிமடையில் ஊர் முதலிற் பேசிற்று. பள்ளிக்கல்வி பெறாத பெண் தண்ணீரின் சுவையையும் நிறத்தையும் சான்றாக வைத்தார். அறிவியலார் பின்னர் வந்து அளந்தனர். 2003 சூலையில் பி.பி.சி. வானொலிச் செய்தியாளர் எடுத்துச்சென்ற கழிவுப்படிவை இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகம் சோதித்தது. உரமென உழவர்க்கு வழங்கப்பட்ட அப்படிவில் காட்மியமும் காரீயமும் இருந்தன. 2003 திசம்பர் 16 அன்று கேரள உயர்நீதிமன்றத்தின் ஒருநபர் அமர்வு, நிலத்தடிநீர் பொதுமக்களுக்குரிய நம்பிக்கைச் சொத்து எனத் தீர்ப்பளித்தது. 2005 ஏப்பிரலில் இருவர் அமர்வு வேறு நிலைப்பாட்டை எடுத்தது. ஆனால் 2004 மார்ச்சில் மூடிய ஆலை மீண்டும் இயங்கவேயில்லை. 2010இல் அரசின் உயர்மட்டக் குழு இழப்பை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. 2011இல் சட்டமன்றம் நிறைவேற்றிய இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவிற்குக் குடியரசுத் தலைவரின் இசைவு கிடைக்கவில்லை.

2004 சனவரி 21 முதல் 23 வரை பாலக்காட்டுப் புதுச்சேரியில் உலக நீர் மாநாடு கூடிற்று. கோயம்புத்தூர்ச் சாலையில் உள்ளது அவ்வூர். மாத்ருபூமியின் தலைவரும் எழுத்தாளருமான எம்.பி.வீரேந்திரகுமார் அதன் பின்னணியில் நின்றார். வந்தனா சிவா, கனடாவின் மாட் பார்லோ, பிரான்சின் ஜோசே போவே ஆகியோர் வந்தனர். நீர் விற்பனைப் பொருளன்று என்னும் பிளாச்சிமடைப் பிரகடனம் அங்கு வெளியாயிற்று. உலகத்தின் பல மொழிகள் ஒலித்த அம்மாநாடு யாருடைய கிணற்றிலிருந்து தொடங்கியதோ, அவரது பேச்சு அச்சில் எவ்வடிவில் எஞ்சியிருக்கிறது என்பதே இவ்வாய்வில் என்னைப் பெரிதும் உறுத்திய செய்தி.

மயிலம்மா 2007 சனவரியில் மறைந்தார். அவர் சொல்லக்கேட்டு ஜோதிபாய் பரியாடத்து எழுதிய வாழ்க்கைக் கதை மலையாளத்தில் நூலாயிற்று. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் தமிழ் மொழிபெயர்ப்பும் பின்னர் வந்தன. தமிழ் விரவிய எல்லைப் பேச்சில் அவர் சொன்னவை மலையாள எழுத்துநடையாகி, அங்கிருந்து இலக்கியத் தமிழுக்குத் திரும்பியுள்ளன. கணவாயை இருமுறை கடந்த அச்சொற்களில் அவருடைய வாய்மொழி எவ்வளவு மிஞ்சியுள்ளது என்பதைச் சிற்றூர்க் கல்லூரித் தமிழ்த்துறை போன்ற அருகமைத் துறைகளே கண்டறிய முடியும். போராட்டப் பந்தலில் அவரோடு அமர்ந்திருந்த பெண்கள் சிலர் இன்னும் அவ்வூர்களில் இருக்கக்கூடும். அவர்களது பேச்சை ஒலிப்பதிவு செய்ய நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை.